கர்னலில் இருப்பதெல்லாம் சிஸ்டம் கால் அல்ல: வாசகர் கேள்வி–பதில்

இயங்குதளம் பற்றி வந்த கேள்விகளில் பல ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன. இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் வேலை கேட்கப் பயனர் நிரல் கூப்பிடக்கூடிய சிஸ்டம் கால் எது, கர்னல் தன் வேலைக்காக வைத்திருக்கும் உள் ஃபங்ஷன் எது? இம்முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். வேறு சொல்லாத இடங்களில் 64 பிட் எக்ஸ்86 ப்ராசஸரில் ஓடும் லினக்ஸ் என்று எடுத்துக்கொள்ளவும்.

கேள்வி: பிரிண்ட்எஃப், ரீட், மேலாக், கேமேலாக், ஷெட்யூல், காப்பி_ஃப்ரம்_யூசர், ஃபோர்க் என்று பட்டியல் கொடுத்து, 'இவற்றில் சிஸ்டம் கால் எவை?' என்று தேர்வில் கேட்கிறார்கள். மனப்பாடம் செய்யாமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு. ஒவ்வொன்றையும் பார்த்து 'இதற்கு எண் இருக்கிறதா?' என்று கேளுங்கள். பயனர் நிரல் கர்னலைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, முகவரி கொடுத்தும் கூப்பிடுவதில்லை. ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் (ப்ராசஸருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) ஓர் எண்ணை வைத்துவிட்டு 'சிஸ்கால்' என்ற இயந்திரக் கட்டளையை இயக்குகிறது, அவ்வளவுதான். ரீட் 0, ரைட் 1, ஓப்பன் 2, க்ளோஸ் 3, எம்மேப் 9, கெட்பிட் 39, ஃபோர்க் 57. கர்னல் மூலநிரலில் 'ஆர்ச்/எக்ஸ்86/என்ட்ரி/சிஸ்கால்ஸ்' அடைவுக்குள் 'சிஸ்கால்_64.டிபிஎல்' என்றொரு கோப்பு இருக்கிறது. அதில் ஒரு வரி இருந்தால் அது சிஸ்டம் கால். இல்லாவிட்டால், எவ்வளவு முக்கியமான ஃபங்ஷனாக இருந்தாலும் அது சிஸ்டம் கால் இல்லை.

உங்கள் பட்டியலில் தேறுவது ரீட், ஃபோர்க் இரண்டும்தான். பிரிண்ட்எஃப், மேலாக் இரண்டும் சி லைப்ரரியைச் சேர்ந்தவை. அவற்றின் நிரல்வரிகள் யூசர் மோடிலேயே, அதாவது பயனர் நிரல்களுக்கான கட்டுப்படுத்தப்பட்ட நிலையிலேயே ஓடுகின்றன. தேவை வரும்போது மட்டும் பிரிண்ட்எஃப் ரைட்டைக் கூப்பிடும். மேலாக், நினைவகம் கேட்கும் சிஸ்டம் கால்களான பிஆர்கே அல்லது எம்மேப்பைக் கூப்பிடும். லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சியில் ஆரம்ப வரம்பு 128 கிலோபைட். அதற்கு மேற்பட்ட கோரிக்கைக்கு எம்மேப், கீழே இருந்தால் கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும், கையிருப்பு தீர்ந்தால்தான் பிஆர்கே. ஆயிரம் முறை மேலாக் செய்தும் ஒரு சிஸ்டம் கால்கூட நடக்காமல் போவது சகஜம். மீதி மூன்றும், அதாவது கேமேலாக், ஷெட்யூல், காப்பி_ஃப்ரம்_யூசர், கர்னலின் உள்வேலைக்கு உரியவை.

வினாத்தாள் போடுபவர்களுக்குப் பிடித்த பொறிகள் சில உண்டு. ஷெட்யூலுக்கு எண் இல்லை, ஆனால் 'ஷெட்_யீல்டு' 24 என்ற எண்ணோடு வெளியே இருக்கிறது. எக்ஸெக் என்று தொடங்கும் பெரிய குடும்பத்தில் 'எக்ஸெக்விஇ' (59), 'எக்ஸெக்விஇஅட்' (322) இரண்டும்தான் சிஸ்டம் கால். எக்ஸெக்எல், எக்ஸெக்விபி போன்றவை லைப்ரரி உறைகள், அதாவது சிஸ்டம் காலைச் சுற்றி எழுதிய ஃபங்ஷன்கள். எக்ஸிட் லைப்ரரி ஃபங்ஷன். அது பஃபரில் (எழுத வேண்டியதைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் இடம்) மிச்சமிருப்பதை வெளியேற்றிய பின் 231-ஆம் எண்ணான 'எக்ஸிட்_குரூப்'பைக் கூப்பிடுகிறது. அடிக்கோட்டோடு தொடங்கும் '_எக்ஸிட்' நேரே அங்கே போய்விடும், பஃபரைத் தொடாது. பிரிண்ட்எஃப் செய்தது திரையில் வராமலே நிரல் முடிந்துபோவதற்கு இது ஒரு காரணம்.

லினக்ஸின் கையேடான மேன் பக்கங்களின் பிரிவு எண்ணும் கைகொடுக்கும். 2 என்றால் சிஸ்டம் கால், 3 என்றால் லைப்ரரி, 9 என்றால் கர்னலின் உள் ஃபங்ஷன் (9 எல்லாக் கணினியிலும் நிறுவப்பட்டிருக்காது). ஆனால் பிரிவு 2 பெரும்பாலும் விவரிப்பது ஜிலிப்சி கொடுக்கும் உறையை. ஆகவே அதை முதல் சல்லடையாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல.

கேள்வி: ப்ராக் அடைவில் உள்ள கால்சிம்ஸ் கோப்பைத் திறந்தால் கர்னல் ஃபங்ஷன்களின் முகவரிகள் வரிசையாகத் தெரிகின்றன. அதில் ஒன்றை எடுத்து ஃபங்ஷன் பாயின்டரில் போட்டுக் கூப்பிட்டால் என்ன?

செக்மென்டேஷன் ஃபால்ட் வரும். ஏன் என்பதுதான் சுவையான பகுதி.

முதலில், சாதாரணப் பயனராகத் திறந்திருந்தால் முகவரி இருக்க வேண்டிய இடமெல்லாம் பூஜ்யமாகத்தான் இருக்கும். நீங்கள் ரூட்டாக (எல்லா அனுமதியும் உள்ள பயனர்) திறந்திருக்க வேண்டும். அப்படிக் கிடைத்த முகவரியும் அடுத்த முறை கணினியைத் தொடங்கும்போது மாறிவிடும். கேஏஎஸ்எல்ஆர் என்ற ஏற்பாடு ஒவ்வொரு தொடக்கத்திலும் கர்னலை வேறோர் இடத்தில் ஏற்றுகிறது.

சரி, முகவரி சரியானது என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நினைவகப் பக்கத்துக்கும் பக்க அட்டவணையில் ஒரு பதிவு இருக்கிறது. அதில் 'யூசர் தொடலாமா' என்று சொல்ல ஒரு பிட். கர்னலின் பக்கங்களில் அந்த பிட் பூஜ்யம். யூசர் மோடில் ஓடும் நிரல் அங்கே தாவியதும் ப்ராசஸரே பேஜ் ஃபால்ட் எழுப்புகிறது. கர்னல் அதைப் பார்த்து, 'இது செல்லுபடியாகாத இடம்' என்று சிக்செக்வ் சிக்னலை அனுப்புகிறது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற ப்ராசஸர் குறைபாடு வெளியான பிறகு, அதனால் பாதிக்கப்படும் ப்ராசஸர்களில் யூசர் மோட் ஓடும்போது கர்னலின் பெரும்பகுதி அந்த அட்டவணையிலேயே இருப்பதில்லை. உள்ளே நுழைவதற்குத் தேவையான சிறு துண்டு மட்டும் விட்டுவைக்கப்பட்டிருக்கிறது.

நீங்கள் ரூட் என்பதால் இதில் எதுவும் மாறாது. ரூட் என்பது கர்னல் வைத்திருக்கும் அனுமதிக் கணக்கு. ப்ராசஸருக்கு ரூட்டைத் தெரியாது. அதற்குத் தெரிந்தது யூசர் மோட், கர்னல் மோட் இரண்டும்தான். ரூட்டாக ஓடும் நிரலும் யூசர் மோடில்தான் ஓடுகிறது. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புபவர்கள் நிறைய.

'சிஸ்கால்' கட்டளை எப்படி உள்ளே போகிறது என்றால், எங்கே போவது என்பதை நீங்கள் சொல்வதில்லை. கணினி தொடங்கும்போதே எல்ஸ்டார் என்ற சிறப்பு ரெஜிஸ்டரில் நுழைவு முகவரியைக் கர்னல் எழுதி வைத்துவிடுகிறது. கட்டளை ஓடியதும் ப்ராசஸர் கர்னல் மோடுக்கு மாறி அந்த ஒரே முகவரிக்குத்தான் போகும். அங்கே கர்னல் தன் ஸ்டாக்குக்கு மாறி, உங்கள் ரெஜிஸ்டர்களைச் சேமித்து, எண் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்து, அதற்குரிய ஃபங்ஷனை ஓட்டுகிறது. எண் தவறென்றால் 38 என்ற பிழை எண், அதாவது இநோசிஸ் ('அப்படி ஒரு சிஸ்டம் கால் இல்லை'). கால்சிம்ஸ் கோப்பில் வரிகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். எண் உள்ளவை நானூறுக்குள்.

கேள்வி: 'எக்ஸ்போர்ட்_சிம்பல்' என்று குறித்த ஃபங்ஷன் வெளியே கொடுக்கப்பட்டதுதானே? அப்படியானால் அது சிஸ்டம் கால்தானே?

இல்லை. வெளியே என்றால் கர்னல் மாட்யூல்களுக்கு, அதாவது ஓடும் கர்னலில் பிறகு சேர்க்கும் துண்டுகளுக்கு. மாட்யூலும் கர்னல் மோடிலேயே, அதே முகவரிவெளியில் ஓடுகிறது. 'எக்ஸ்போர்ட்_சிம்பல்_ஜிபிஎல்' என்றிருந்தால் ஜிபிஎல்லுக்கு ஒத்த உரிமம் அறிவித்த மாட்யூலுக்கு மட்டும். பயனர் நிரலுக்கு இரண்டுமே எட்டாது.

கேள்வி: மூலநிரலில் ரீடைத் தேடினால் 'சிஸ்_ரீட்', '__எக்ஸ்64_சிஸ்_ரீட்', 'கேசிஸ்_ரீட்', 'விஎஃப்எஸ்_ரீட்' என்று நான்கைந்து கிடைக்கின்றன. இவற்றில் எது உண்மையான சிஸ்டம் கால்?

வெளியிலிருந்து உள்ளே போகும் வரிசையில் பார்த்தால் தெளிந்துவிடும். நீங்கள் சி நிரலில் எழுதும் ரீட், ஜிலிப்சியின் உறை. அது எண் 0-ஐ ஆர்ஏஎக்ஸில் வைக்கிறது. மூன்று உள்ளீடுகள் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ் ரெஜிஸ்டர்களில். (நான்காவது இருந்தால் ஆர்10-இல். சாதாரண ஃபங்ஷன் அழைப்பில் அது ஆர்சிஎக்ஸ். ஆனால் சிஸ்கால் கட்டளை திரும்பும் முகவரியை ஆர்சிஎக்ஸில் எழுதி அழித்துவிடுவதால் இந்த மாற்றம். அசெம்பிளியில் கையால் எழுதுபவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் இது. ஆர்11-உம் அழியும்.)

கர்னலுக்குள் முதலில் பிடிப்பது '__எக்ஸ்64_சிஸ்_ரீட்'. இதை யாரும் கையால் எழுதுவதில்லை. 'எஃப்எஸ்/ரீட்_ரைட்.சி' கோப்பில் 'சிஸ்கால்_டிஃபைன்3' என்ற மேக்ரோவோடு (கம்பைல் ஆகும்போது நிரல்வரிகளாக விரியும் சுருக்கம்) ரீட் எழுதப்பட்டிருக்கும். அந்த மேக்ரோதான் இந்தப் பெயரை உருவாக்குகிறது. கடைசியில் உள்ள 3 உள்ளீடுகளின் எண்ணிக்கை. 0 முதல் 6 வரை வரலாம். மூலநிரலில் சிஸ்டம் கால் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டுமானால் இந்த மேக்ரோவைத் தேடுங்கள், வெறும் 'சிஸ்_ரீட்' என்று தேடினால் அறிவிப்பு மட்டும்தான் அகப்படும். '__எக்ஸ்64_' முன்னொட்டு 4.17 பதிப்பில் வந்தது. அதற்கு முந்தைய கர்னலுக்காக எழுதிய ட்ரேசிங் ஸ்கிரிப்டுகள் 'சிஸ்_ரீட்' கிடைக்கவில்லை என்று நிற்பதற்குக் காரணம் இதுதான்.

அந்த மேக்ரோவின் உடலில் ஒரே வேலை: 'கேசிஸ்_ரீட்'டைக் கூப்பிடுவது. அது கோப்பு எண்ணை வைத்து உரிய கோப்பு அமைப்பைத் தேடி எடுத்து 'விஎஃப்எஸ்_ரீட்'டிடம் கொடுக்கிறது. விஎஃப்எஸ்_ரீட், கோப்பு படிப்பதற்காகத் திறக்கப்பட்டதா, பஃபர் பயனரின் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்தக் கோப்பு முறைமையின் சொந்த ஃபங்ஷனுக்கு வேலையை மாற்றுகிறது.

ஆகவே எண் 0-க்குப் பின்னால் உள்ள மேக்ரோ வரைதான் எல்லைக்கோடு. கேசிஸ்_ரீட் முதல் உள்ளே இருப்பதெல்லாம் கர்னல் உருவாக்குநர்கள் நாளைக்கே பெயர் மாற்றலாம், உள்ளீட்டைக் கூட்டலாம், நீக்கியும் விடலாம். எண் 0 தரும் நடத்தையை மட்டும் மாற்ற மாட்டார்கள். பயனர் நிரல் எதையும் உடைக்கக் கூடாது என்பது லினக்ஸில் கறாரான விதி. கர்னலுக்குள் நிலையான இடைமுகம் கிடையாது என்பதும் அதே அளவுக்குக் கறார்.

கேள்வி: நிரல் செய்யும் சிஸ்டம் கால்களைப் பட்டியலிடும் ஸ்ட்ரேஸ் கருவி காட்டுவதுதான் சிஸ்டம் கால் என்று நினைத்திருந்தேன். ஆனால் என் நிரல் நொடிக்கு ஆயிரம் முறை 'க்ளாக்_கெட்டைம்' கூப்பிடுகிறது, ஸ்ட்ரேஸில் ஒன்றுகூட இல்லை. ஃபோர்க் கூப்பிட்டால் க்ளோன் என்று காட்டுகிறது. கருவி பொய் சொல்கிறதா?

சொல்லவில்லை. எல்லையைத் தாண்டியதை மட்டுமே அது காட்டும். க்ளாக்_கெட்டைமுக்கு எண் உண்டு, 228. ஆனால் நேரம் கேட்பதற்காக ஒவ்வொரு முறையும் மோட் மாறுவது வீண் செலவு. அதனால் ஒவ்வொரு ப்ராசஸின் முகவரிவெளியிலும் 'விடிஎஸ்ஓ' என்ற சிறு லைப்ரரியைக் கர்னல் பொருத்திவைக்கிறது. ப்ராக் அடைவில் உங்கள் ப்ராசஸின் 'மேப்ஸ்' கோப்பைத் திறந்தால் அந்தப் பெயர் தெரியும். அது யூசர் மோடிலேயே, கர்னல் புதுப்பித்து வைக்கும் தகவலையும் ப்ராசஸரின் எண்ணியையும் படித்து நேரத்தைக் கணக்கிட்டுக் கொடுத்துவிடுகிறது. கெட்டைம்ஆஃப்டே, டைம், கெட்சிபியு ஆகியவையும் இப்படித்தான்.

சில கணினிகளில் இதே அழைப்பு ஸ்ட்ரேஸில் ஆயிரக்கணக்கில் வரும், நிரலும் மந்தமாகும். அப்போது கடிகார மூலத்தைப் பாருங்கள். சிஸ் அடைவில் 'க்ளாக்சோர்ஸ்0'க்குள் 'கரன்ட்_க்ளாக்சோர்ஸ்' என்ற கோப்பு 'டிஎஸ்சி' (ப்ராசஸரின் எண்ணி) என்று காட்டினால் நல்லது. 'ஹெச்பெட்' அல்லது 'ஏசிபிஐ_பிஎம்' என்றால் விடிஎஸ்ஓவால் நேரே படிக்க முடியாது. உண்மையான சிஸ்டம் காலுக்குத் திரும்பிவிடும்.

ஃபோர்க் விஷயம் வேறு. ஜிலிப்சி தன் ஃபோர்க்கை க்ளோன் மூலம் செய்கிறது. ஓப்பன் கூப்பிட்டாலும் 'ஓப்பன்அட்' என்றுதான் காண்பீர்கள். ஏஆர்எம்64-இல் ஃபோர்க், ஓப்பன் இரண்டுக்கும் எண்ணே கிடையாது. க்ளோன் 220, ஓப்பன்அட் 56 மட்டும்தான். எழுதிய பெயரும் கடந்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொன்றும் சேர்த்துவிடலாம். பிரிண்ட்எஃப் பல முறை கூப்பிட்டும் ரைட் ஒரே முறை வருவது பஃபரால். திரைக்குப் போகும்போது வரி முடிந்தால் வெளியேற்றும். கோப்புக்கோ பைப்புக்கோ போகும்போது பஃபர் நிறைந்தால்தான். கோப்புக்கு அது பெரும்பாலும் 4096 பைட். 10,48,576 பைட்டை ஒவ்வொரு பைட்டாக ரைட்டில் எழுதினால் அத்தனை சிஸ்டம் கால்; பஃபர் வழியாக எழுதினால் 256. ஸ்ட்ரேஸை 'சி' தெரிவோடு ஓட்டினால் எண்ணிக்கை அட்டவணையாக வரும். த்ரெட், சைல்ட் ப்ராசஸ் உள்ள நிரலுக்கு 'எஃப்' தெரிவை மறக்காதீர்கள், இல்லையென்றால் பாதி கதைதான் தெரியும்.

கேள்வி: பாடத்துக்கான சிறு இயங்குதளமான எக்ஸ்வி6-இல் புதிதாக ஒரு சிஸ்டம் கால் சேர்த்தேன். ஓட்டினால் 'அன்னோன் சிஸ் கால் 22' என்று வருகிறது. கர்னலில் ஃபங்ஷன் இருக்கிறது, கம்பைலும் ஆகிறது. எங்கே பிசகு?

ஃபங்ஷன் இருக்கிறது, ஆனால் அட்டவணையில் அதற்கு இடமில்லை. கர்னலில் ஒரு ஃபங்ஷன் எழுதிவிட்டாலே அது சிஸ்டம் கால் ஆகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல செய்முறை கிடையாது. ரிஸ்க்-5 ப்ராசஸருக்கான எக்ஸ்வி6-இல் தொட வேண்டிய இடங்கள் இவை:

'யூசர்/யூசர்.ஹெச்' கோப்பில் அறிவிப்பு. விட்டால் கம்பைலர் பயனர் நிரலிலேயே நிற்கும்.

'யூசர்/யூசிஸ்.பிஎல்' கோப்பில் ஒரு 'என்ட்ரி' வரி. இதுதான் ஏ7 ரெஜிஸ்டரில் எண்ணை வைத்து 'ஈகால்' கட்டளையை இயக்கும் சிறு அசெம்பிளித் துண்டை உருவாக்குகிறது. விட்டால் லிங்க்கர் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று கத்தும்.

'கர்னல்/சிஸ்கால்.ஹெச்' கோப்பில் எண். வழக்கமான பதிப்பில் ஃபோர்க் 1-இல் தொடங்கி க்ளோஸ் 21-இல் முடிகிறது. ஆகவே உங்களுடையது 22.

'கர்னல்/சிஸ்கால்.சி' கோப்பில் இரண்டு வரிகள்: எக்ஸ்டர்ன் அறிவிப்பு ஒன்று, அட்டவணையில் 22-ஆம் இடத்துக்கான பதிவு ஒன்று. நீங்கள் விட்டது இந்த இரண்டாவது வரியை. எண் வந்து சேர்ந்திருக்கிறது (அதனால்தான் செய்தியில் 22 அச்சாகிறது), அட்டவணையில் அங்கே வெறுமை. கர்னல் செய்தியை அச்சிட்டு −1 திருப்பியிருக்கிறது.

'கர்னல்/சிஸ்ப்ராக்.சி' கோப்பில் 'சிஸ்_' என்று தொடங்கும் ஃபங்ஷன். கடைசியாக, சோதனை நிரலை மேக்ஃபைலில் 'யூப்ராக்ஸ்' பட்டியலில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் ஷெல் 'எக்ஸெக்... ஃபெயில்டு' என்று சொல்லிவிடும்.

அடுத்து நீங்கள் விழப்போகும் குழியையும் இப்போதே காட்டிவிடுகிறோம். 'சிஸ்_' ஃபங்ஷனுக்கு உள்ளீடு எதுவும் கிடையாது, 'வாய்டு'. எண் வேண்டுமானால் 'ஆர்க்இன்ட்', பாயின்டர் வேண்டுமானால் 'ஆர்க்அட்ர்' மூலம் சேமித்த ரெஜிஸ்டர்களிலிருந்து எடுக்க வேண்டும். அப்படி எடுத்த பாயின்டரை நேரே பயன்படுத்தாதீர்கள். எக்ஸ்வி6-இல் கர்னலுக்குத் தனிப் பக்க அட்டவணை. பயனரின் முகவரி அங்கே பொருளற்றது. 'எஸ்காஸ்' (பிழைக் காரணத்தைச் சொல்லும் ரெஜிஸ்டர்) மதிப்பு 13 அல்லது 15 என்று காட்டி 'கர்னல்ட்ராப்' பேனிக் வந்து கர்னல் நின்றுபோனால் பெரும்பாலும் இதுதான் காரணம்: 13 படிக்கும்போது, 15 எழுதும்போது. பயனருக்குத் தகவல் கொடுக்க 'காப்பிஅவுட்', அவரிடமிருந்து வாங்க 'காப்பிஇன்'.

எக்ஸ்வி6 படிப்பவர்களைக் குழப்பும் இன்னொன்று பெயர் ஒற்றுமை. பல பதிப்புகளில் பயனருக்கான ஸ்லீப் ஒரே ஓர் எண்ணை வாங்கும்: எத்தனை டிக் (கடிகாரத் துடிப்பு) தூங்க வேண்டும் என்று. கர்னலின் 'ப்ராக்.சி'யிலும் ஒரு ஸ்லீப் உண்டு. அது ஒரு சேனலையும் (எதற்காகக் காத்திருப்பது என்ற அடையாளம்) ஸ்பின்லாக்கையும் (ஒரு வகைப் பூட்டு) வாங்கும். இரண்டுக்கும் நடுவில் 'சிஸ்_ஸ்லீப்'. சந்தேகம் வந்தால் எந்தத் தலைப்புக் கோப்பில் அறிவித்திருக்கிறது என்று பாருங்கள். 'யூசர்.ஹெச்' என்றால் பயனருக்கு, 'டெஃப்ஸ்.ஹெச்' என்றால் கர்னலின் உள்வேலைக்கு.

கேள்வி: அசெம்பிளியில் ரைட் எழுதிப் பார்த்தேன். ஆர்ஏஎக்ஸில் 1 வைத்து 'இன்ட் 0எக்ஸ்80' கொடுத்தால் எதுவும் அச்சாகாமல் நிரல் முடிந்துவிடுகிறது.

இன்ட் 0எக்ஸ்80 என்பது 32 பிட் வாசல். 64 பிட் நிரலிலிருந்து கொடுத்தாலும் அது 32 பிட் அட்டவணையைத்தான் பார்க்கும். அங்கே 1 என்றால் எக்ஸிட், ரைட் 4. நீங்கள் கேட்டபடியே நிரலை முடித்துவிட்டது.

4 என்று மாற்றினாலும் தொல்லை தீராது. உள்ளீடுகளை இபிஎக்ஸ், இசிஎக்ஸ், இடிஎக்ஸில் எதிர்பார்க்கும். பாயின்டரின் கீழ் 32 பிட் மட்டும்தான் எடுத்துக்கொள்ளப்படும். ஸ்டாக்கில் உள்ள பஃபரின் முகவரி அதைவிட நீளம், ஆகவே வெட்டுப்பட்டு −14, அதாவது இஃபால்ட் (தவறான முகவரி) வரும். 'சிஸ்கால்' கட்டளைக்கே மாறிவிடுங்கள். திரும்பி வரும் மதிப்பு −4095 முதல் −1 வரை இருந்தால் பிழை. அதன் குறியை மாற்றினால் பிழை எண். 'எர்நோ' என்ற மாறியில் அதைப் போடுவது லைப்ரரியின் வேலை, கர்னலுக்கு எர்நோ என்று ஒன்று இருப்பதே தெரியாது.

கேள்வி: கர்னல் மாட்யூல் எழுதுகிறேன். ஒரு கோப்பைப் படிக்க 'சிஸ்_ஓப்பன்', 'சிஸ்_ரீட்' கூப்பிட முடியவில்லை. கர்னலுக்குள்தானே இருக்கிறேன், ஏன் தடை?

சிஸ்டம் கால் ஃபங்ஷன்கள் பயனரை எதிரே வைத்து எழுதப்பட்டவை. பாயின்டர் கொடுத்தால், அது பயனரின் எல்லைக்குள் இருக்கிறதா என்றுதான் முதலில் சரிபார்க்கும். மாட்யூலின் பஃபர் கர்னல் முகவரியில் இருப்பதால் இஃபால்ட் கிடைக்கும். பழைய நிரல்களில் 'செட்_எஃப்எஸ்' என்று ஒரு வரி போட்டு இந்தச் சோதனையை ஏமாற்றுவார்கள். அது பாதுகாப்பு ஓட்டைகளுக்கு வழிவைத்ததால் எக்ஸ்86-இல் 5.10 பதிப்போடு நீக்கப்பட்டுவிட்டது. பழைய பாடக்குறிப்பைப் பார்த்து எழுதினால் கம்பைலே ஆகாது.

உங்களுக்கு வேண்டியவை 'ஃபில்ப்_ஓப்பன்', 'கர்னல்_ரீட்', 'ஃபில்ப்_க்ளோஸ்'. ஃபில்ப்_ஓப்பன் தோற்றால் 'நல்' (வெற்றுப் பாயின்டர்) வராது. பிழை எண்ணைப் பாயின்டராக வேடமிட்டுத் திருப்பும். 'ஐஎஸ்_எர்' கொண்டு சோதியுங்கள். ஆனாலும் மாட்யூல் கோப்பைப் படிப்பதே பெரும்பாலும் தவறான வடிவமைப்பு. அமைப்புத் தகவலை மாட்யூல் அளபுருவாகவோ சிஸ் அடைவு வழியாகவோ கொடுக்கச் சொல்வோம்.

இதே வாசகர் சிஸ்டம் கால் அட்டவணையில் தன் ஃபங்ஷனைச் செருகுவது பற்றியும் கேட்டிருக்கிறார். அட்டவணை மாட்யூல்களுக்குக் கொடுக்கப்படுவதில்லை, 5.7-இலிருந்து 'கால்சிம்ஸ்_லுக்அப்_நேம்' என்ற குறுக்குவழியும் மூடப்பட்டது. 6.9-இலிருந்து எக்ஸ்86 கர்னல் அந்த அட்டவணை வழியாகத் தாவுவதையே விட்டு, எண்ணைப் பார்த்து ஸ்விட்ச் முறையில் பிரிகிறது. அட்டவணையை மாற்றினாலும் எதுவும் நடக்காது. கவனிக்க மட்டும் வேண்டுமென்றால், கண்காணிப்புக்குக் கர்னலே தரும் ட்ரேஸ்பாயின்ட்டோ ஈபிபிஎஃப்போ போதும்.

கேள்வி: டாக்கர் கன்டெய்னருக்குள் (தனியே பிரித்த சூழல்) நிரல் 'ஆப்பரேஷன் நாட் பெர்மிட்டெட்' என்கிறது. ரூட்டாகத்தான் ஓட்டுகிறேன். வெளியே அதே நிரல் ஓடுகிறது.

எந்த சிஸ்டம் காலை அனுமதிப்பது என்று கட்டுப்படுத்தும் செக்காம்ப் வடிகட்டியைச் சந்தேகியுங்கள். அது எண்ணைப் பார்த்து, ஃபங்ஷன் ஓடுவதற்கு முன்பே மறுத்துவிடும். எந்தப் பிழையைத் திருப்புவது என்பதை வடிகட்டி எழுதியவர் முடிவு செய்கிறார், சிக்கலும் அங்கேதான். 38 (இநோசிஸ்) வந்தால் லைப்ரரி 'இந்தக் கர்னலில் இது இல்லை போலும்' என்று பழைய வழிக்கு மாறிக்கொள்ளும். 1 (ஈபெர்ம்) வந்தால் 'இருக்கிறது, அனுமதி இல்லை' என்று எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும்.

ஜிலிப்சி 2.34 த்ரெட் தொடங்க க்ளோன்3 (எண் 435) பயன்படுத்தத் தொடங்கியதும் இதுதான் நடந்தது. டாக்கரின் பழைய வடிகட்டி அறியாத எண்ணுக்கு 1 திருப்பியதால் த்ரெட்டே உருவாகவில்லை, 20.10.10 பதிப்பில் க்ளோன்3-க்கு 38 திருப்பும்படி சரிசெய்தார்கள். ஸ்ட்ரேஸில் கடைசியாகத் தோற்ற அழைப்பு எது என்று பாருங்கள், பிறகு டாக்கரைப் புதுப்பியுங்கள். வடிகட்டியை முழுவதுமாக அணைப்பது சோதனைக்கு மட்டும்.

கேள்வி: விண்டோஸில் கிரியேட்ஃபைல், என்டிகிரியேட்ஃபைல், இசட்டபிள்யூகிரியேட்ஃபைல் மூன்றில் சிஸ்டம் கால் எது? எண்ணை நேரே பயன்படுத்தலாமா?

கிரியேட்ஃபைல் ஆவணப்படுத்தப்பட்ட லைப்ரரி வாசல். அது என்டிடிஎல்எல் கோப்பில் உள்ள என்டிகிரியேட்ஃபைலுக்குப் போகிறது. அங்கேதான் எண் ரெஜிஸ்டரில் ஏறி மோட் மாறுகிறது. யூசர் மோடில் என்டி, இசட்டபிள்யூ இரண்டு பெயரும் ஒரே துண்டைக் குறிக்கும். டிரைவருக்குள் வித்தியாசம் உண்டு: இசட்டபிள்யூ வழியாகப் போனால் 'கூப்பிட்டது கர்னல்தான்' என்று குறித்துக்கொள்ளப்பட்டு, உள்ளீடுகள் பயனருடையவையாகச் சோதிக்கப்படுவதில்லை. கேஇ, எம்எம், ஓபி, பிஎஸ் என்று தொடங்குபவை கர்னலின் உள் ஃபங்ஷன்கள். விண்டோஸ் கர்னல் கோப்பான என்டிஓஎஸ்கர்னலின் ஏற்றுமதிப் பட்டியலில் இருந்தாலும் அவை டிரைவர்களுக்கு மட்டுமே.

எண்ணை நேரே பயன்படுத்த வேண்டாம். லினக்ஸில் எண் நிரந்தரம். விண்டோஸில் ஒரு பில்டுக்கும் அடுத்ததற்கும் மாறும். மேக்ஓஎஸ்ஸிலும் 'லிப்சிஸ்டம்' லைப்ரரி வழியாகப் போவதுதான் ஆதரிக்கப்பட்ட வழி. கோ மொழி முதலில் நேரே சிஸ்டம் கால் செய்துகொண்டிருந்தது. 2016-இல் மேக்ஓஎஸ் சியராவில் கெட்டைம்ஆஃப்டேயின் உள் நடத்தை மாறியதும் பழைய கோ பதிப்பில் கட்டிய நிரல்கள் உடைந்தன. பின்னர் கோவும் லிப்சிஸ்டத்துக்கு மாறிக்கொண்டது.

கேள்வி: சாதனங்களுக்குக் கொடுக்கும் ஐயாக்ட்எல் (ஐஓ கன்ட்ரோல்) கட்டளைகள் ஒவ்வொன்றும் தனி சிஸ்டம் காலா?

இல்லை. சிஸ்டம் கால் ஒன்றே, ஐயாக்ட்எல், எண் 16. அதற்குள் கொடுக்கும் 32 பிட் கட்டளை எண்ணை டிரைவர் பிரித்துப் பார்க்கிறது: திசைக்கு 2 பிட், அளவுக்கு 14, வகைக்கு 8, வரிசை எண்ணுக்கு 8. ப்ராக், சிஸ் அடைவுகளும் இதே மாதிரிதான். உள்ளே எந்த ஃபங்ஷன் ஓடினாலும் வாசல் ஓப்பன், ரீட், ரைட்தான். பயனர் தொடக்கூடிய இடைமுகம் என்பது சிஸ்டம் கால் பட்டியலைவிட மிகப் பெரியது. பாதுகாப்புக்காக எண்களை மட்டும் வடிகட்டுபவர்கள் கவனிக்க: ஐஓ_யூரிங் என்ற வேறொரு இடைமுகம் வழியாகக் கோப்பைப் படித்தால் ரீடின் எண் 0 எங்கும் வராது. கோரிக்கை பகிர்ந்த நினைவகத்தில் எழுதப்படுகிறது. ஸ்ட்ரேஸிலும் செக்காம்ப்பிலும் தெரிவது ஐஓ_யூரிங்கின் சொந்த எண்களான 425, 426, 427 மட்டும்தான். அதனால்தான் பல இடங்களில் அந்த மூன்றையும் மொத்தமாகவே தடுத்துவிடுகிறார்கள்.